தொலைபேசி ஆறு

தூன் ஏரிக்கரை விடுதியில் ஏலம்.
கம்பளத்தின் மேல் கார்.
அதை உள்ளே கொண்டுவர
இரண்டு கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி
மறுபடி மாட்டியிருந்தார்கள்.

மார்பு அட்டையில் என் பெயர் இல்லை.
நீளமாம்.
'தொலைபேசி 6' என்று இருந்தது.
வராதவர்களின் வாய் நான்,
அவர்கள் தூக்கும் கையும் நான்தான்.
மணிக்கு முப்பத்திரண்டு பிராங்குக்கு
லட்சங்களை உயர்த்திப் பிடிக்கும் வேலை.

நாற்பத்தொன்றாம் எண்:
டெலாஜ், முப்பத்தேழாம் ஆண்டு,
பாலாடை நிறம், மட்காடு மட்டும் கருநீலம்.
நாலாயிரத்து இருநூறு மணிநேரம் செலவழித்து
எண்பது வருடங்களைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.
காலையில் தூசி துடைக்கப் போனபோது
கதவில் ஒரு கறை.
அழுத்தித் துடைத்தேன், போகவில்லை.
என் முகம் அது.

மறுமுனையில் திருமதி ஸுர்ப்ரிக்கன்.
வாலிஸ் மலைப்பக்கத்து ஜெர்மன்,
வேகமாகப் பேசினால் பாதி எனக்கு விளங்காது.
மற்றவர்கள் இயந்திர எண் கேட்பார்கள்.
இவர் கேட்டது:
பின் இருக்கையில் சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கிறதா?
இல்லை அம்மா, தோல் புதிது.
இடப்பக்கக் கதவு மூடும்போது முனகுமா?
இல்லை, சத்தமே வராது.
"அப்படியா" என்றார்,
காய்கறிக் கடையில் நிற்கும்போது
சாவுச் செய்தி கேட்டவர் போல.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று
பட்டியலின் கடைசி வரியை வாசித்தேன்:
இருக்கைக்கு அடியில் கிடைத்தவை
உறையிலிட்டு வாகனத்துடன் தரப்படும்.
கொண்டை ஊசி ஒன்று.
சினிமாச் சீட்டு, பாதி.
பால்பல்.

மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு:
"உறையை மட்டும் வாங்கலாமா?"

மேடையில் நின்ற ரெட்டோவைக் கண்ணால் கேட்டேன்.
என் கேள்வி என்னவென்றே தெரியாமல்
இல்லை என்று தலையசைத்தார்.
பிரித்துத் தர மாட்டார்கள் அம்மா.
பல் வேண்டுமென்றால்
எட்டு சிலிண்டரும் சேர்த்துத்தான்.

"சரி. கையைத் தூக்குங்கள்."

ஒரு லட்சத்து எண்பதாயிரம். தூக்கினேன்.
மூன்றாம் வரிசையில் ஒருவர்
பேனாவால் மூக்கைச் சொறிந்தார்.
அதற்கு இருபதாயிரம் கூடியது.
தூக்கினேன்.
சொறிந்தார்.
ஒவ்வொரு தொகைக்கும் மறுமுனையில் ஒரு 'ம்',
கதை கேட்பவர்கள் கொட்டுகிற 'ம்'.
வாழ்நாளில் நான் காணாத பணம்
என் அக்குளில் வியர்வையாக இறங்கியது.
மூன்று லட்சம். ம்.
மூன்று லட்சத்துப் பத்தாயிரம் அவருடையது,
இருபது கேட்கிறார்கள் அம்மா.

'ம்' வரவில்லை.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.
மண்டபம் முழுக்க என் காதைப் பார்த்தது.
"போதும்" என்றார்.
"என் வீடு அவ்வளவுதான் போகும்."

மரத்தில் மரம் விழுந்த சத்தம்
அவருக்கும் கேட்டிருக்கும்.
"உறையில் எத்தனை என்றீர்கள்?"
மூன்று.
"நான்கு இருக்க வேண்டும்"
என்று சொல்லி வைத்துவிட்டார்.

மண்டபத்துக்குள் இயந்திரத்தை முடுக்க அனுமதி இல்லை.
வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர்
குதிகால் ஊன்றி
அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
மூன்றாம் வரிசைக்காரர் நிமிரவில்லை,
நாற்பத்திரண்டாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

இரவு, எல்லோரும் போன பின்
கூடாரத்துக்குப் போனேன்.
இருக்கைக்கும் அதன் முதுகுக்கும் நடுவே
விரலை விட்டுப் பார்த்தேன்.
புதுத் தோல், இறுக்கமான தையல்.
நகம்கூட நுழையவில்லை.
வெளியே ஏரியில் ஏதோ படகின் சங்கிலி
இழுபட்டுக்கொண்டே இருந்தது.

ஒப்படைப்புப் படிவம் என் பொறுப்பு.
வாகனம்: 1. சாவி: 2. உறை: 1.
உறைக்குள் பொருட்கள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
வாங்கியவர் எண்ணிப் பார்க்கிற ஆள்,
முகத்திலேயே தெரிகிறது.
குறைந்தால் விடமாட்டார்,
தையலைப் பிரித்தாவது தேடுவார்.

4 என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து,
கட்டத்தைத் தாண்டிப் போகிற
முழுப் பெயர்.